கணக்கில் பணம் போதாத அந்த நாலு நாள்: எதைச் செய்தால் எவ்வளவு போகும்?

போன வருஷம் ஒரு மாசம் எனக்குச் சம்பளம் தள்ளிப்போனது. 1ஆம் தேதி ஏறவேண்டிய பணம் 9ஆம் தேதிதான் ஏறியது. 4ஆம் தேதி ராத்திரி கணக்கில் இருந்தது 4,212 ரூபாய், மறுநாள் போகவேண்டிய இஎம்ஐ 11,840. குறைவது 7,628. யாரிடமாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ‘ஒரு தடவை பவுன்ஸ் ஆனால் என்ன, அபராதம் ஏதோ நூறு இருநூறு போடுவான், அடுத்த வாரம் கட்டிவிடலாம்’ என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

5ஆம் தேதி விடிந்ததும் எஸ்எம்எஸ். பணம் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டோம், அதற்கு என் வங்கி எடுத்துக்கொண்டது 500 ரூபாயும் ஜிஎஸ்டி 90 ரூபாயும். கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு ‘பவுன்ஸ் சார்ஜ்’ என்று இன்னொரு 590. அதோடு விட்டார்களா என்றால் இல்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 7ஆம் தேதி மறுபடி அதே தொகையைக் கணக்கிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் 590, அந்தப் பக்கம் 590. மொத்தம் 2,360 ரூபாய். நாலு நாளைக்கு 7,628 ரூபாய் இல்லாததற்கு 2,360! நூற்றுக்கு முப்பது வட்டி, அதுவும் நாலே நாளில். எங்கள் ஊரில் மீட்டர் வட்டிக்கு விடுகிறவர் இதைக் கேட்டால் தொழிலை மாற்றிக்கொள்வார்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றைக்கு என் முன்னால் வேறு என்னென்ன வழி இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகியிருக்கும், எதில் வெறும் பணம்தான் போகும், எதில் கோர்ட் வரை போகும் என்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் சாதாரணக் கணக்கே மைனஸில் போகும், வங்கி தன் கைக்காசைப் போட்டுக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு கட்டணம் பிடிக்கும். நம்மூர் சேமிப்புக் கணக்கு அப்படியில்லை. முன்கூட்டியே ஓ.டி. (ஓவர் டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலும் ஒரு லிமிட் வரை எடுத்துக்கொள்ளும்) வசதி வாங்கி வைத்திருந்தால் ஒழிய, பணம் இல்லையென்றால் கொடுக்க மாட்டார்கள், திருப்பித்தான் அனுப்புவார்கள். மினிமம் பேலன்ஸ் வைக்காததற்கான அபராதத்தால் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லி, 2015 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் மற்ற கட்டணங்கள் பாக்கியாக நிற்கும், எப்போது பணம் ஏறுகிறதோ அப்போது முதல் ஆளாக வந்து எடுத்துக்கொள்ளும். சம்பளம் வந்த நிமிஷமே ஏதோ குறைகிறதே என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான்.

ஆக, நம்மூரில் ஒருவர் முன்னால் இருக்கும் கேள்வி ‘மைனஸில் போகலாமா’ என்பது இல்லை. திரும்பட்டும் என்று விடுவதா, இல்லை எங்காவது புரட்டிப் போடுவதா என்பதுதான். இதில் எல்லோரும் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது எத்தனை நாளைக்குக் குறைகிறது என்பதை. நாலு நாளைக்கு ஒரு லட்சம் குறைவது சமாளிக்கக்கூடிய சங்கதி. நாலு மாசத்துக்கு எட்டாயிரம் குறைகிறது என்றால் அது வேறு நோய், அதற்கு ஓ.டி. மருந்து இல்லை.

எட்டாயிரம் ரூபாய், நாலு நாள் என்றே வைத்துக்கொள்வோம்.

டெபாசிட் மேல் ஓ.டி. வைத்திருப்பவருக்கு இதற்கு ஆகும் செலவு 7 ரூபாய். ஏழுதான், ஒரு சைபர் விட்டுப்போகவில்லை. எஃப்டியில் (நிலையான வைப்பில்) கிட்டத்தட்ட 90 சதவீதம் வரை லிமிட் கொடுப்பார்கள், வட்டி உங்கள் எஃப்டி வட்டியைவிட ஒரு சதவீதமோ கொஞ்சம் கூடவோ இருக்கும். எஃப்டி 7 என்றால் ஓ.டி. 8. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி, எடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. இதற்கு சிபில் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்ணை, பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் உங்கள் பணம்தான் அவர்கள் கையில் இருக்கிறதே. பல வங்கிகளில் ஆப்பிலேயே பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

‘எதுக்குங்க ஓ.டி., எஃப்டியையே உடைச்சிடலாமே’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் எஃப்டி, ஒரு வருஷத்துக்கு 7 சதவீதம், 11 மாசம் ஓடிவிட்டது. அவசரத்துக்கு 30,000 வேண்டும். உடைத்தால் 11 மாசத்துக்கு என்ன வட்டி விகிதமோ அதைத்தான் கொடுப்பார்கள், 6 என்று வையுங்கள், அதிலும் முன்கூட்டி எடுத்ததற்கு 1 சதவீதம் கழிப்பார்கள். முழு லட்சத்துக்கும் 7க்குப் பதில் 5. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம். அதே 30,000ஐ ஒரு மாசம் ஓ.டி.யில் எடுத்தால் வட்டி 197 ரூபாய், எஃப்டியும் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். டெபாசிட் போட்டு இரண்டு மாசம்தான் ஆகிறது, பணமும் ஒரு வருஷத்துக்குத் திரும்பி வராது என்றால் உடைத்துவிடுங்கள், அதில் தப்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்து வருஷ எஃப்டியை அடமானம் வைக்க முடியாது, அதன் மேல் ஓ.டி. கிடைக்காது.

சம்பளக் கணக்கின் மேல் கொடுக்கும் ஓ.டி.யும் இதே ஜாதிதான், ஆனால் ஈடு எதுவும் இல்லாததால் வட்டி கூட. 14 சதவீதம் என்றாலும் எட்டாயிரத்துக்கு நாலு நாள் வட்டி 12 ரூபாய்தான். வலி வட்டியில் இல்லை, வருஷா வருஷம் பிடிக்கும் கட்டணத்தில் இருக்கிறது. இன்னொன்று பழக்கம். இரண்டு மாசச் சம்பளம் அளவுக்கு லிமிட் இருக்கிறது என்று தெரிந்தபின் அது நம் பணம் மாதிரியே தோன்றும், மாசம் பிறந்ததும் ஏறும் சம்பளம் ஓ.டி.யை நிரப்பவே சரியாகப் போகும், பத்தாம் தேதியிலிருந்து மறுபடி ஓ.டி.யில்தான் வாழ்க்கை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூன்று வருஷம் அப்படியே ஓட்டினார். வேலை மாறும்போது மொத்தத்தையும் ஒரே தவணையில் கட்டச் சொன்னார்கள்.

ஜன் தன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஓ.டி. உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2018இல் 5,000இலிருந்து 10,000 ஆக்கினார்கள், அதில் 2,000 வரை நிபந்தனை இல்லாமல். கிளையில் போய்க் கேட்க வேண்டும், அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுப்பது பற்றி எனக்கு எப்போதும் கெட்ட அபிப்பிராயம்தான். பணம் எடுத்த நிமிஷத்திலிருந்தே வட்டி, பொருள் வாங்கும்போது கிடைக்கிற அந்த நாற்பத்தைந்து ஐம்பது நாள் சலுகையெல்லாம் இதற்குக் கிடையாது. பல கார்டுகளில் கட்டணம் குறைந்தது 500, ஜிஎஸ்டி சேர்த்து 590, மாசம் மூன்றரை சதவீத வட்டியில் நாலு நாளைக்கு ஜிஎஸ்டியோடு ஒரு 43. ஆக 633 ரூபாய். ஆனால் கணக்கைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நான் கட்டிய 2,360இல் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மோசமான வழிகூட, ஒன்றும் செய்யாமல் தூங்கியதைவிட மலிவாக இருந்திருக்கும். நாலாம் நாளே திருப்பிக் கட்டுகிறவருக்கு மட்டும் இது பொருந்தும். ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர் இந்தப் பக்கமே வரக்கூடாது.

நகை. ஒரு நாள் அவசரத்துக்கு இது தோதுப்படாது, இரண்டு மூன்று மாச இழுவைக்கு இதைவிட நல்லது இல்லை. வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்திலோ வைத்தால் வட்டி தனிநபர் கடனைவிட நன்றாகவே குறைவு. மதிப்பீட்டாளர் கூலி தனி, சில இடங்களில் இரண்டு நாளில் மீட்டாலும் குறைந்தபட்ச வட்டி என்று ஒன்று உண்டு. மதிப்பில் 75 சதவீதம் வரை என்பது பல வருஷமாக இருந்த வரம்பு, 2026 ஏப்ரல் முதல் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள கடனுக்கு 85 வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியிருக்கிறது. எங்கள் வீட்டில் செயினைக் கழற்றித் தரும்போது வாங்கும் பேச்சு எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைமாத்துக்கு வட்டி இல்லை. கேட்கும்போதே திருப்பித் தரும் தேதியையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஆப் கடன் என்றால், பணம் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா, எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆப்பை அழித்துவிடுங்கள்.

சரி, இதெல்லாம் பணக் கணக்கு. சட்டம் எங்கே உள்ளே வருகிறது?

என் அத்தை மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கிறார். ரோல் சூரத்திலிருந்து வரும். ஒரு பனியன் கம்பெனி பார்ட்டியின் பணம் 20ஆம் தேதி வந்துவிடும் என்று நம்பி, சூரத்காரருக்கு 22ஆம் தேதி போட்டு 1,85,000க்கு செக் கொடுத்திருந்தார். பார்ட்டி கைவிரித்துவிட்டார். முன்பெல்லாம் செக் போட்டால் கிளியர் ஆக ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அந்த இடைவெளியில் எதையாவது புரட்டுவது வியாபாரிகளுக்குக் கைவந்த கலை. 2025 அக்டோபர் 4 முதல் செக் அன்றைக்கன்றே பாஸ் ஆகிறது அல்லது திரும்புகிறது, மூச்சு விட நேரமில்லை. இவர் செக்கும் அன்று சாயங்காலமே திரும்பியது. ரிட்டர்ன் மெமோவில் இருந்த காரணம் ‘பணம் போதவில்லை’ அல்ல, ‘ஏற்பாடு செய்த தொகையை மீறுகிறது’. அவர் கணக்கு ஓ.டி. கணக்கு, அஞ்சு லட்சம் லிமிட்டில் முக்கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே எடுத்திருந்தார்.

“மாப்ளே, இது ஓ.டி. லிமிட் பிரச்சினைதான, செக் பவுன்ஸ் கேஸ் இதுக்கு வராதுல்ல?” என்று போன் போட்டார்.

வரும் மாமா. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இரண்டையும்தான் சொல்கிறது: கணக்கில் பணம் போதாமல் திரும்பினாலும் சரி, வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாட்டுத் தொகையைத் தாண்டியதால் திரும்பினாலும் சரி. கணக்கையே மூடிவிட்டாலும், ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்தாலும் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுக்கவேண்டிய கடனுக்குத்தான் செக் கொடுத்திருக்கிறார் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது செக் கொடுத்தவர் தலையில். 2018 திருத்தத்துக்குப் பிறகு, குற்றத்தை மறுக்கிற ஆளை, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்ல மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் செக் திரும்பிய அன்றே குற்றம் ஆகிவிடுவதில்லை. பலர் இந்த இடத்தில்தான் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், இல்லாவிட்டால் தேவையில்லாமல் தைரியமாக இருக்கிறார்கள். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் வாங்கியவர் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் உங்களுக்கு. அதற்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் கதை முடிந்தது, குற்றமே இல்லை. கட்டாவிட்டால் 16ஆம் நாளிலிருந்து ஒரு மாசத்துக்குள் அவர் வழக்குப் போடலாம்.

பத்து நாள் கழித்து மாமாவின் கடைக்கு ஸ்பீட் போஸ்ட் வந்தது. வக்கீல் பெயர் போட்ட நீளமான கவர். போஸ்ட்மேனிடம் ‘ஆள் ஊரில் இல்லை என்று எழுதி அனுப்பிடுங்க’ என்று சொல்லலாமா என எனக்கு போன். வாங்குங்க முதலில் என்றேன். சரியான விலாசத்துக்கு வந்ததை வேண்டுமென்றே வாங்காமல் விட்டால் வாங்கியதாகவே கணக்கு, அந்த 15 நாள் மட்டும் கையை விட்டுப் போய்விடும். இன்னொரு சங்கதியும் அவருக்கு உறைத்தது: 2015 திருத்தப்படி, செக்கைத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில்தான் வழக்கு. அதாவது சூரத். ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்பூரிலிருந்து குஜராத்துக்கு ரயில் ஏறுவதை நினைத்துப் பார்த்தவர், அன்று மத்தியானமே அத்தையின் வளையல்களைக் கொண்டுபோய் வைத்து, கவர் வந்த ஆறாம் நாள் 1,85,000ஐ நெஃப்டில் அனுப்பினார். அனுப்பிய ரசீதோடு வக்கீலுக்கு ஒரு பதில் கடிதமும் போடச் சொன்னேன், போட்டார்.

இதையே இஎம்ஐ பக்கம் திருப்பிப் பாருங்கள். செக் கொடுக்கவில்லை, தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆணையில்தான் கையெழுத்துப் போட்டேன், அதனால் எனக்குக் கேஸ் வராது என்று நினைப்பவர்கள் நிறைய. 2007ஆம் வருஷத்துப் பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு கிட்டத்தட்ட 138இன் நகல்தான்: அதே நோட்டீஸ், அதே 15 நாள், அதே இரண்டு வருஷம், அதே இரண்டு மடங்கு. ஒரு இஎம்ஐக்காக யாரும் ஓடி வந்து கேஸ் போடுவதில்லை, தொடர்ந்து நாலைந்து திரும்பினால் நோட்டீஸ் வருவது நடக்கிறது. மற்றபடி ஓ.டி.யில் எடுத்த பணத்தைக் கட்ட முடியாமல் போவது சிவில் கடன்தான், அதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது. வங்கி அந்த எஃப்டியை எடுத்துக்கொள்ளும், அதே வங்கியில் உங்கள் வேறு கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும், மிச்சத்துக்கு சிவில் கோர்ட், 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம்.

சிபில் விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பியது சிபிலில் ஏறாது. இஎம்ஐ தாமதம் ஏறும். 2025 ஜனவரி முதல் கடன் விவரங்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டதால், மாசக் கடைசிக்குள் கட்டிவிட்டால் தெரியாது என்ற பழைய நம்பிக்கைக்கு இப்போது இடமில்லை. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன், அதற்குப் பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போய் நின்றால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அப்படியானால் பணம் எப்போது வரும் என்றே தெரியாத ஆள், வேலை போனவர், வியாபாரம் படுத்தவர் என்ன செய்வது? அவருக்கு நான் மேலே சொன்ன எந்தக் கடனையும் சொல்ல மாட்டேன். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க நகை, நகையை மீட்க ஆப் என்று போனால் ஆறு மாசத்தில் எட்டாயிரம் எண்பதாயிரம் ஆகிவிடும். தேதிக்கு முன்பே கடன் கொடுத்தவருக்கு ஈமெயிலில் எழுதிவிடுவதுதான் அவருக்கான வழி. தவணைத் தேதியை மாற்றக் கேட்கலாம், காலத்தை நீட்டி இஎம்ஐயைக் குறைக்கக் கேட்கலாம், கையில் இருப்பதைக் கட்டிக்கொள்ளக் கேட்கலாம். சிபிலில் அடி விழும்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாமே தவிர அதை வட்டி விகிதத்தோடு கூட்டவோ, அந்த அபராதத்துக்கு மேல் வட்டி போடவோ முடியாது. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8க்கு முன்னும் ராத்திரி 7க்குப் பின்னும் போன் போடக்கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்குப் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, அதற்குக் கட்டணம் கிடையாது.

நானும் ஒரு ஈமெயில் போட்டேன், என்னைக் கேட்காமல் இரண்டாம் தடவை பிடிக்கப் பார்த்ததற்கு எதற்குக் கட்டணம் என்று. இரண்டு வாரம் கழித்து அந்த ஒரு 590ஐத் திருப்பிப் போட்டார்கள். வங்கி தன் பங்கைத் தரவில்லை.

இப்போது இஎம்ஐ தேதியை 10ஆம் தேதிக்கு மாற்றி வைத்திருக்கிறேன், 50,000க்கு ஒரு எஃப்டி போட்டு அதன் மேல் ஓ.டி. எடுத்திருக்கிறேன். பிடிப்பது பெரும்பாலும் விடியற்காலையில் என்பதால் பணத்தை முந்தின நாள் சாயங்காலமே கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். இதுவரை இரண்டு தடவை அந்த ஓ.டி.யைத் தொட்டாயிற்று, ஒரு தடவை ஆறு நாள், இன்னொரு தடவை எட்டு நாள். இரண்டுக்கும் சேர்த்து வட்டி 41 ரூபாய்.